உயரமும் கட்டணமும்: இரண்டு தீர்மானங்களைப் பிரித்த கதை

எங்கள் குடியிருப்போர் சங்கம் அனுப்பிய பொதுக்குழு அறிவிப்பில் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. முதலாவது, மாதப் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவது. இரண்டாவது, குடியிருப்பின் முகப்பில் இருக்கும் பழைய கடை வளாகத்தையும் அதன் பின்னால் உள்ள வாகன நிறுத்தத்தையும் இடித்துவிட்டு அங்கே 16 மாடிக் கட்டடம் எழுப்ப, நிலத்தைக் கையில் வைத்திருக்கும் பில்டருக்கு ஒப்புதல் தருவது. இரண்டுக்கும் நடுவே பாலம் போல ஒரு வரி: ‘புதிய வீடுகள் வந்தால் பொதுச்செலவைப் பங்கிட ஆட்கள் கூடுவார்கள், வருங்காலத்தில் கட்டணம் குறையும்.’ அதற்குப் பிறகு எங்கள் வளாகத்தில் நடந்த அத்தனை சண்டைக்கும் விதை இந்த ஒரு வரிதான்.

இதே மாதிரி அறிவிப்பு உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் இதைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். தனி வீடுகளும் மூன்று மாடி அடுக்ககங்களும் கலந்த, முன்கூட்டியே வரைபடம் போட்டு உருவாக்கிய குடியிருப்பு எங்களுடையது. பூங்கா, நடைபாதை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் பொது. இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது.

முதல் கூட்டத்தில் யாரும் யாரையும் பேச விடவில்லை. “மூணு மாடிக்கு மேல எதுவும் வராதுன்னு சொல்லித்தானே வித்தாங்க?” என்றார் ஒருவர். “ஓய்வூதியம் உயராது, கட்டணம் மட்டும் உயருமா?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து, “என் பொண்ணுக்கு இதே வளாகத்துல ஒரு சின்ன வீடு வாங்க வழியில்ல. புது வீடே வரக்கூடாதுன்னா அவ எங்க போவா?” என்றதும் கொஞ்ச நேரம் அடங்கியது. பிறகு மறுபடி கூச்சல். உயரமும் வேண்டாம், உயர்வும் வேண்டாம் என்பவர்களே அதிகம். எனக்கோ கட்டண உயர்வில் பெரிய மனத்தாங்கல் இல்லை, மாடிதான் உறுத்தியது. அதை வாய்விட்டுச் சொன்னதற்குத் தண்டனையாக, விவரம் பார்க்க அமைத்த குழுவில் என்னையும் போட்டார்கள்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியவை காகிதங்கள். எல்லோரும் ‘வாக்குறுதி’ என்று பேசியது விற்பனைக் காலத்துப் பளபளப்பான கையேட்டில் இருந்த படம். எழுத்தில் கட்டுப்படுத்துபவை மூன்று: கிரயப் பத்திரத்திலும் அதன் இணைப்பிலும் உள்ள நிபந்தனைகள், சங்கத்தின் துணைவிதிகள், திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தின் கோப்பில் இருக்கும் மூல வரைபடம். எங்கள் பத்திரத்தில் மாடி எண்ணிக்கை பற்றி ஒரு சொல் கிடையாது. திறந்தவெளி இவ்வளவு சதவீதம் குறையக் கூடாது, பொதுச் சாலை, வடிகால் இணைப்பைச் சங்கத்தின் ஒப்புதலின்றி வேறு நிலத்துக்குத் தரக் கூடாது என்றுதான் இருந்தது. மூன்று மாடி வரம்பு இருந்ததெல்லாம் அனுமதி வரைபடத்தில். அதை மாற்றும் அதிகாரம் திட்ட அலுவலகத்துக்கு உண்டு. ஆட்சேபம் சொல்ல நமக்கு அவகாசம் உண்டு, தடுக்கும் ஓட்டு நம்மிடம் இல்லை.

இது தெரிந்ததும் பேச்சின் போக்கே மாறியது. மாடி உயரத்தை எங்கள் பொதுக்குழு நிறுத்த முடியாது. ஆனால் எங்கள் சாலை வழியாகத்தான் அந்தக் கட்டடத்துக்கு வாசல், எங்கள் வடிகாலில்தான் அதன் கழிவுநீர். பிடி அங்கேதான் இருந்தது. ‘உயரம் வேண்டாம்’ என்று பதாகை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இது ருசிக்கவில்லை. இருந்தாலும் பேரம் பேச வேண்டிய இடம் எதுவென்று தெரிந்துவிட்டது.

‘திட்டமிட்ட ஊர் என்றால் தாழ்வான ஊர்’ என்ற நம்பிக்கையும் சரியில்லை என்று அப்போது தேடிப் படித்ததில் புரிந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராபர்ட் சைமன் என்ற பில்டர் 1964-ல் தொடங்கிய ரெஸ்டன் என்ற திட்டமிட்ட ஊரில் ஏரிக்கரையின் முதல் கட்டத்திலேயே ஒரு உயரமான குடியிருப்புக் கோபுரம் இருந்தது. அங்கே பெரும் வாதம் எழுந்தது மாடிக் கணக்கைவிட மக்கள் அடர்த்தியைப் பற்றி: ஏக்கருக்குச் சராசரியாக 13 பேர் என்ற வரம்பை உயர்த்தலாமா என்பது பற்றி. நம் நாட்டில், திட்டமிட்டுக் கட்டிய சண்டிகரில் ஒரு வீட்டைத் தளம் தளமாகப் பிரித்து அடுக்ககமாக்குவதை, நகரின் முதல் கட்டத்தில் உருவான செக்டர்களில் (நகரப் பகுதிகளில்) உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தடுத்தது. அங்கேயும் கவலை ஒரே மனையில் எத்தனை குடும்பம் என்பதுதான். உயரம் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். தண்ணீர், கழிவுநீர், சாலை இவற்றின் மேல் ஏறுவது ஆள் கணக்கு.

அடுத்து கட்டணம். பொருளாளர் கணக்குப் புத்தகங்களைத் தயங்காமல் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களாகக் கட்டணம் ஏறவே இல்லை; ஒவ்வொரு செயற்குழுவும் அதையே சாதனையாகச் சொல்லிக்கொண்டு இறங்கியிருக்கிறது. வரவு, செலவு இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தன. பெரிய பழுதுகளுக்காக மூலதன நிதி என்று தனியாக வைத்திருந்ததிலிருந்து அவசரத்துக்கு எடுத்து, திருப்பி வைக்காமல் விட்ட இடங்களும் இருந்தன. யாரும் திருடவில்லை. யாரும் சேர்க்கவும் இல்லை.

குழுவில் இருந்த பொறியாளர் ஒருவர் பொதுச் சொத்துகளை ஒவ்வொன்றாக எழுத வைத்தார்: சம்ப் மோட்டார்கள், ஜெனரேட்டர், சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூதிகள், சாலையின் மேல்தளம், மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு, சுற்றுச்சுவர். ஒவ்வொன்றுக்கும் இன்னும் எத்தனை வருட ஆயுள், மாற்ற என்ன செலவு, அப்படியானால் இன்றிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பெரிய நிறுவனங்களைக் கூப்பிட்டுச் செய்தால் ‘இருப்பு நிதி ஆய்வு’ என்று தடித்த அறிக்கை வரும். அடிப்படை இந்த அட்டவணைதான். போட்டுப் பார்த்ததில் சங்கம் கேட்ட உயர்வே குறைவு என்று தெரிந்தது. இதைக் கூட்டத்தில் சொல்ல எங்களில் யாருக்கும் ஆசையில்லை.

சொல்லியாக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள சர்ஃப்சைடில் 1981-ல் கட்டிய 12 மாடிக் கட்டடம் 2021 ஜூன் 24 அன்று இரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சேதம் பற்றி 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். இருப்பு நிதி போதவில்லை. பழுதுக்கான பெருந்தொகையை வீட்டுக்காரர்களிடம் வசூலிப்பது பற்றி நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. சரிவுக்கான தொழில்நுட்பக் காரணம் தனி விஷயம். ஆனால் அதன் பிறகு அந்த மாநிலம் 2022-ல் சட்டம் போட்டு, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள சங்கக் கட்டடங்களுக்குக் கட்டமைப்பு இருப்பு நிதி ஆய்வைக் கட்டாயமாக்கியது. ‘இந்த வருடம் சேர்க்க வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டுத் தள்ளிப்போடும் வழக்கத்துக்கு அங்கே கதவு பெருமளவு அடைபட்டது.

ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, நீங்க சொல்றது நியாயம். ஆனா என் கணக்குல பணம் இல்லங்கிறதும் நியாயம்தானே?” என்றார். அதற்கு எங்கள் அட்டவணையில் பதில் இல்லை. உயர்வை ஒரே வீச்சில் ஏற்றாமல் மூன்று வருடத்தில் படிப்படியாக ஏற்றுவது என்ற யோசனை அவர் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

இனி அந்தப் பாலம் வரி. புதிய வீடுகள் வந்தால் பங்கு குறையுமா? குழு அதிக நேரம் செலவிட்டது இதில்தான், செலவிட்டதும் தகும்.

செலவுகளைக் கூடைகளாகப் பிரித்தோம். வாசல் காவல், அலுவலக ஊழியர், தெருவிளக்கு, பூங்கா: வீடு கூடினாலும் இவை பெரிதாகக் கூடாது. தண்ணீர், குப்பை, கழிவுநீர்: ஆளுக்கு ஏற்பக் கூடும். அதுவும் ஒரு அளவு வரைதான் சீராகக் கூடும். ஒரு காரை நாலு பேர் பகிர்ந்தால் செலவு குறையும், ஆறாவது ஆள் வந்தால் இரண்டாவது கார் எடுக்க வேண்டும். எங்கள் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே கொள்ளளவின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 200 வீடு 100 பங்கு செலவைத் தாங்குகிறது. அதில் 40 பங்குதான் ஆள் கூடினாலும் நகராத செலவு. புதிதாக 100 வீடு சேர்ந்தால் குறைவது அந்த 40-ல் மட்டும். மீதி 60, வீட்டுக் கணக்கோடு சேர்ந்து 90 ஆகிவிடும். ஆக மொத்தம் 130 பங்கு, 300 வீடு. வீட்டுக்கு அரைப் பங்காக இருந்தது சுமார் 0.43 ஆகிறது. குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் சொன்னது போலப் பாதியாகவில்லை. புதிய சுத்திகரிப்பு அலகு ஒன்று வந்துவிட்டால் அந்தச் சேமிப்பும் காணாமல் போகும்.

மூன்றாவது கூடை, உயரமே கொண்டுவரும் செலவு. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரைத் தொட்டாலே ‘உயர்மாடி’ என்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் விதி, தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து மேலே 75 அடியை எல்லையாக வைக்கிறது. எல்லை எதுவானாலும் தாண்டியதும் தீயணைப்பு மோட்டார், தனிக் குழாய்கள், புகை புகாத படிக்கட்டு, அவசர மின்சாரம் என்று வரிசை கட்டும். தண்ணீரை 10 மீட்டர் ஏற்றச் சுமார் ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வேண்டும். 16 மாடிக்கு அழுத்தத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் குழாய் போட முடியும். லிஃப்ட் ஒப்பந்தம், வெளிச்சுவர் பராமரிப்பு எல்லாம் வேறு. இவை பொதுக் கணக்கில் கலந்தால், தரைத்தள வீட்டுக்காரர் பதினாறாம் மாடியின் லிஃப்டுக்குக் காசு கட்டுவார். ஆகவே கட்டடத்துக்குத் தனி உபகணக்கு, வாசல் சாலை போன்றவற்றுக்கு மட்டும் பொதுக் கணக்கு என்று நிபந்தனை எழுதினோம்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வியைக் கேட்டது மகளுக்கு வீடு தேடிய அதே அக்காதான். “விக்காம கிடக்கிற வீட்டுக்கு மெயின்டனன்ஸ் யார் கட்டுவா?” பில்டர் தரப்பில் வந்திருந்தவர் சிரித்துச் சமாளித்தார். எழுத்தில் தரச் சொன்னோம்.

உயரத்துக்கு வருகிறேன். பில்டர் கொடுத்த நிழல் வரைபடம் கோடை நண்பகலுக்கானது. அந்த நேரத்தில் எந்தக் கட்டடத்துக்கும் நிழல் காலடியில்தான் கிடக்கும். குளிர்காலக் காலைக்கும் மாலைக்கும் கேட்டோம். சூரியன் 30 பாகையில் இருந்தால் நிழல் கட்டடத்தின் உயரத்தைப்போல 1.7 மடங்கு நீளும். வந்த வரைபடத்தில் சிறுவர் பூங்காவும் இரண்டு வரிசை வீடுகளும் காலை முழுக்க நிழலில் இருந்தன. எதிர்ப்பாளர்களுக்குக் கொண்டாட்டம்.

சரி, உயரத்தைக் குறைத்தால்? மொத்தத் தளப்பரப்பைக் குறைக்காமல் எட்டு மாடியாக்கினால் கட்டடம் அகலத்தில் விரியும். அந்த வரைபடத்தையும் போடச் சொல்லிப் பார்த்தபோது வாகன நிறுத்தத்தை ஒட்டிய மரவரிசை முழுதும் போனது. சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளியும் குறைந்தபட்சத்துக்கு வந்தது. உயரத்தை எதிர்த்த சிலர், “அப்படின்னா ஒல்லியா உயரமாவே இருக்கட்டும்” என்று கட்சி மாறினார்கள். வீடுகளின் எண்ணிக்கையையே குறைக்கச் சொல்லலாம் என்ற மூன்றாவது வழி அதன் பிறகுதான் பேச்சுக்கு வந்தது. என் மனமும் அங்கேதான் நின்றது. குறைந்த வீடு, பத்துப் பன்னிரண்டு மாடி, மரவரிசை அப்படியே. பில்டருக்கு லாபம் குறையும். அது அவர் பாடு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் எதிலும் ஓட்டு இல்லை. கட்டண உயர்வு வாடகையில் ஏறி அவர்கள் தலையில்தான் விழும், கட்டுமானத் தூசியும் அவர்களுக்கும்தான். கூட்டத்தில் பேச மட்டும் அனுமதி வாங்கினோம். அதற்கே சிலர் முகம் சுளித்தார்கள்.

ஓட்டெடுப்புக்கு முன் நாங்கள் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்: இரண்டு தீர்மானங்களும் தனித்தனி, பாலம் வரி நீக்கப்பட வேண்டும். சேர்த்து வைத்தால், கட்டணம் குறையும் என்ற ஆசையில் மாடிக்கு ஓட்டு விழும். அல்லது மாடி மேல் உள்ள கோபத்தில் நியாயமான உயர்வும் தோற்கும். வெளியூரில் இருப்பவர்களின் பதிலாள் படிவங்களிலும் ஒரே கையெழுத்து இரண்டுக்கும் செல்லுபடியாகும்படி அச்சடித்திருந்தார்கள். தீர்மானத்துக்கு ஒரு கட்டம் என்று மாற்றி, மறுபடி அனுப்ப வைத்தோம். பழைய படிவங்களைச் சேகரித்து வைத்திருந்தவர்களுக்கு எங்கள் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

கட்டண உயர்வு, மூன்று வருடப் படிநிலையோடு, நான் நினைத்ததைவிட எளிதாக நிறைவேறியது. இருப்பு நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, பொதுக்குழு தீர்மானமின்றி அதிலிருந்து எடுக்க முடியாது என்ற திருத்தமும் சேர்ந்தது. சாலை, வடிகால் இணைப்புக்கான ஒப்புதலை நிறுத்திவைத்து, நிபந்தனைகளைப் பில்டருக்கு அனுப்பத் தீர்மானித்தோம். திட்ட அலுவலகத்துக்கும் ஆட்சேபக் கடிதம் போனது, நிழல் வரைபடமும் கொள்ளளவுக் கணக்கும் இணைப்பாக. ‘எங்கள் அமைதி கெடும்’ என்று மட்டும் எழுதிய கடிதங்களை அங்கே வாங்கி அடுக்கினார்கள். கணக்கோடு போன எங்கள் கடிதத்துக்கு மட்டும் விளக்கம் கேட்டுப் பதில் வந்தது.

பில்டர் 12 மாடியாகக் குறைத்து, வீடுகளையும் குறைத்து வந்திருக்கிறார். தனி உபகணக்கை ஏற்றுக்கொண்டார். லாரிகளால் சாலை பழுதானால் சரிசெய்ய வைப்புத்தொகை தரவும் சம்மதம். விற்காத வீடுகளுக்கான கட்டணம், கட்டட நிறைவுச் சான்று கிடைத்த நாளிலிருந்தா, விற்று ஒப்படைத்த நாளிலிருந்தா என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. அந்தச் சந்திப்புக்கு எங்கள் தரப்பில் அக்காவையே அனுப்புகிறோம்.