பறக்கும் காணிக்கு உறுதி

பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி ரெலிபோன் எடுத்து, "அண்ணை, நீங்கள் பிளேன் லோயர்தானே, அதைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். வருடாந்த இராப்போசனத்தில் என்னைக் காண்கிறவர்கள் ஒன்றில் மலிவு ரிக்கெற் கேட்பார்கள், இல்லாவிட்டால் தொலைந்த சூட்கேசுக்கு நட்டஈடு எடுத்துத் தரச்சொல்லுவார்கள். இருபத்தைந்து வருடமாக நான் அந்த இரண்டையும் செய்ததில்லை. சரி, என்னதான் செய்கிறேன் என்று ஒருமுறை எழுதிவைத்தால் அடுத்த இராப்போசனத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நான் நம் கல்லூரியில் படித்தது மூன்று வருடத்துக்கும் குறைவு. 1990 ஆனியில் பலாலிப் பக்கத்துக் கட்டுவனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உயர்தர வகுப்பில் பின்வாங்கில் செருகப்பட்டவன். அப்போது மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஜாம் போத்தல் விளக்கைக்கூட ஒன்பது மணிக்கு மேல் எரிக்க வீட்டில் விடமாட்டார்கள். மைதானத்து ஓரத்தில் 'ட' வடிவில் பங்கர் வெட்டியிருந்தோம். என் பக்கத்தில் இருந்தவன் (இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான், பெயர் போடவேண்டாம் என்று உத்தரவு) குண்டு போட வருகிற விமானத்தின் சத்தத்தை வைத்தே "இது சியாமாசெட்டி, அது சகடை" என்று சொல்லிவிடுவான். ஒருநாளும் பிழை விட்டதில்லை. விமானம் பற்றி நான் பெற்ற முதல் பாடம் அவனிடம்தான்.

சட்டம் வந்தது பெரியப்பாவிடமிருந்து. அவர் நொத்தாரிசு, காணிப் பத்திரம், அதாவது உறுதி, எழுதுகிறவர். இடம்பெயர்ந்து வந்த வீட்டின் விறாந்தையிலும் மேசை போட்டு உறுதி எழுதிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான்தான் பிரதி வாசித்துச் சரிபார்க்கவேண்டும். காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கு எல்லை ஒழுங்கை, வடக்கு எல்லை இன்னாருடைய காணி, கிணறு, வான்பயிர், வழிவாய்க்கால் பாத்தியம் எல்லாம் வரும். இலக்கம் வருகிற இடத்தில் விரலை வைத்து, முன்னுக்கிருந்து ஒருமுறையும் பின்னுக்கிருந்து ஒருமுறையும் வாசிக்கவைப்பார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

கிளாலிக் கடல்வழியால் கொழும்பு, பிறகு லண்டன். பின்னேரங்களில் பெற்றோல் ஸ்ரேசன், பகலில் சட்டப் படிப்பு. அந்தக் கதை உங்களில் பாதிப்பேருடைய கதைதான், விட்டுவிடுகிறேன். பயிற்சிக்குச் சேர்ந்த நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள். எனக்கு விழுந்தது விமான நிதிப் பிரிவு. முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு குத்தகை ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தபோது, இதெல்லாம் பெரியப்பாவின் மேசையில் கண்ட சாமான்தானே என்று தோன்றியது. காணியை ஈடு வைக்கிறோம், ஒற்றி வைக்கிறோம். ஒற்றி பிடித்தவன் காணியைக் கையில் வைத்து விளைச்சலை அனுபவிப்பான், அதுதான் வட்டிக்குப் பதில். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த தேசவழமையிலேயே அது இருக்கிறது. விமானத்திலும் இதே கேள்விகள்தான்: சொந்தக்காரன் யார், கையில் வைத்திருப்பவன் யார், காசு வராவிட்டால் யார் எடுப்பது? நீங்கள் ஏறுகிற விமானத்தின் வாலில் இருக்கிற கொம்பனிதான் அதன் சொந்தக்காரன் என்று நினைக்காதீர்கள். உலகத்தில் பறக்கிற பயணிகள் விமானங்களில் ஏறக்குறையப் பாதி குத்தகை விமானங்கள், அவற்றில் பெருந்தொகை அயர்லாந்துக் கொம்பனிகளின் கையில். 1975இல் ஷானனில் ரோனி றையன் தொடங்கிய கின்னஸ் பீற் ஏவியேஷன்தான் அதற்கு மூலவேர். 1992இல் பங்குச் சந்தைக்கு வரப்போய் அந்தக் கொம்பனி தலைகுப்புற விழுந்தது, ஆனால் அங்கே தொழில் பழகிய ஆட்கள் சிதறிப்போய் ஆளுக்கொரு கொம்பனி நடத்தினார்கள்.

ஒரேயொரு வித்தியாசம், இந்தக் காணிக்கு எல்லை இல்லை. காலையில் டப்ளின், மாலையில் டுபாய். அப்படியென்றால் எந்த ஊர்ச் சட்டப்படி ஈடு எழுதுவது?

2001 ஆடி 24, கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல் நடந்த அன்று நான் பயிற்சியில் இருந்தேன். சிறிலங்கன் விமான சேவையின் எயர்பஸ்கள் எரிந்த படம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலதிகாரி என்னை அழைத்து, "நீ அந்த நாட்டவன்தானே" என்று சொல்லி, போர் அபாயக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றைக் கையில் தந்து வாசிக்கச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அந்த முழுப் பின்னேரமும் ஒரு பக்கம் அந்தப் பத்திரம், மறுபக்கம் ஊரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த ரெலிபோன்கள், என் மனநிலையை எழுதத் தெரியவில்லை. காப்புறுதிக்காரர் ஏழு நாள் அவகாசம் தந்து விலகலாம் என்ற வாசகத்தை அன்றுதான் முதலில் கண்டேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்ரெம்பர் 11க்குப் பிறகு உலகம் முழுக்க விமானக் கொம்பனிகளுக்கு அந்த ஏழு நாள் நோட்டீஸ்தான் போனது. அரசாங்கங்கள் இறங்கி உத்தரவாதம் கொடுத்திராவிட்டால் விமானங்கள் தரையில்தான் நின்றிருக்கும்.

அதே வருடம் நவம்பர் 16இல் கேப்ரவுணில், விமானத்தின் மேலுள்ள ஈடு, குத்தகை உரிமைகள் பற்றி நாடுகளுக்கிடையில் ஒரு உடன்படிக்கை கைச்சாத்தானது. எங்கள் தொழிலில் அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் காலத்தைப் பிரிப்போம். 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உலகத்துக்கெல்லாம் ஒரே பதிவேடு, இருப்பது டப்ளினில், முழுக்க இணையத்தில். முதலில் பதிந்தவனுக்கு முதலிடம், பதிந்த நேரம்தான் கணக்கு. விமான உடலுக்கு ஒரு பதிவு, ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனிப் பதிவு, ஏனென்றால் எஞ்சின் கழற்றி மாட்டுகிற சாமான். இன்றைக்கு இந்த விமானத்தில் இருக்கும், அடுத்த மாதம் வேறொருவனுடைய விமானத்தில் தொங்கும்.

அந்தப் பதிவேட்டில் தேடுவது உற்பத்தி இலக்கத்தை வைத்து. இலக்கம் பிழைத்தால் பதிவு இருந்தும் இல்லாத மாதிரி. எனக்கு அது நடந்தது. ஒரு எஞ்சின் இலக்கத்தில் இரண்டு எண்களை இடம்மாற்றி அடித்துவிட்டேன். ஒரு கோடி டொலருக்கு மேல் பெறுமதியான சாமான். அதிகாலை இரண்டு மணிக்கு, எஞ்சினில் அடித்திருந்த தகட்டின் படத்தை ஒரு தொழில்நுட்பக்காரர் அனுப்பியபோதுதான் கண்டுபிடித்தோம், காசு கைமாற ஆறேழு மணித்தியாலம் இருந்தது. திருத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் இலக்கங்களைப் பின்னுக்கிருந்தும் வாசிக்கிறேன், விரலை வைத்து, கண்ணாடி அறைக்குள் இருந்து, இளம் பெடியள் சிரிக்கச் சிரிக்க.

எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேனே, அதற்கு லண்டன் நீதிமன்றம் 2010இல் மஹான் எயர் வழக்கில் ஒரு பதில் சொன்னது. ஆங்கிலச் சட்டப்படி ஈடு எழுதினாலும், எழுதுகிற நேரம் விமானம் எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்துக்கு அது பொருந்தவேண்டும். அந்த வழக்கில் ஒரு போயிங் 747 நெதர்லாந்தில் நின்றது, ஈடு செல்லவில்லை. அன்றிலிருந்து, கையெழுத்து வைக்கும்போது விமானம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே தனி வேலை. டப்ளின், நியூயோர்க், சிங்கப்பூர் எல்லாம் ஒரே அழைப்பில் இருக்கும், முப்பது பேர் மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள், ஓடுபாதையில் நிற்கிறவர் "சக்கரம் தரையில்" என்றதும் எல்லாப் பத்திரத்துக்கும் திகதி விழும். சிலவேளை விற்பனை வரிக்காகக் கடலுக்கு மேலே கைமாற்றுவோம். விமானி அட்சரேகை, தீர்க்கரேகை சொல்ல நாங்கள் குறித்துக்கொள்வோம். கிழக்கு எல்லை, வடக்கு எல்லை என்று பெரியப்பா எழுதுவித்தது ஞாபகம் வந்து ஒருமுறை சிரித்துவிட்டேன், மைக் திறந்திருந்தது.

இந்தியாவைப் பற்றிக் கேட்பீர்கள். 2008இல் கேப்ரவுண் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, அதற்கான தனிச் சட்டத்தை 2025இல்தான் இயற்றியது. இடையில் அங்கத்தைய விமானக் கொம்பனிகளான கிங்பிஷர் 2012இல் நின்றபோதும், கோ பெஸ்ட் 2023 மே மாதம் வங்குரோத்துக்குப் போனபோதும் சொந்தக்காரர்கள் விமான நிலையத்துக்கு வெளியே நின்றார்கள். கோ பெஸ்ட்டின் 54 விமானங்களையும் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் வெயிலில் நின்ற விமானத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? பராமரிப்புப் பதிவுப் புத்தகங்கள் தொலைந்துவிட்டால் இன்னும் மோசம். சாதகக் குறிப்பில்லாத பெண்ணை வாங்க வருவார்கள், குறிப்பில்லாத விமானத்தை வாங்க யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் ரஷ்யா மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும், மார்ச் 28க்குள் எல்லாக் குத்தகைகளையும் முடிக்கச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. குத்தகைக்குப் போன நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ரஷ்யாவுக்குள்ளே. பெர்முடா, தன் பதிவில் இருந்தவற்றின் பறக்கும் தகுதிச் சான்றிதழை நிறுத்தியது. ரஷ்யா சட்டம் மாற்றித் தன் பதிவில் ஏற்றிக்கொண்டது. ஒரு விமானம் இரண்டு நாட்டில் பதியப்படமுடியாது என்று 1944 சிக்காகோ உடன்படிக்கை சொல்கிறது, சொன்னால் ஆச்சா? எங்கள் பத்திரங்களில் ஒரு காற்புள்ளி பிழையில்லை. விமானம்தான் வரவில்லை. காப்புறுதி வழக்கு லண்டனில் நடந்து, 2025 ஜூனில்தான் போர் அபாயக் காப்புறுதிக்காரர் கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எயர்கப் என்ற ஒரு குத்தகைக் கொம்பனிக்கு மட்டும் நூறு கோடி டொலருக்கு மேல்.

அந்த நாட்களில் இளம் சட்டத்தரணி ஒருத்தி என்னிடம், "உறுதி கையில் இருக்க, சொத்துக்குக் கிட்டப் போகமுடியாதென்றால் அது எப்படி?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுவன் காணியின் உறுதி பெரியப்பாவின் பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது, அவர் போன பிறகு என் லாச்சிக்குள் இருக்கிறது. பலாலி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணி.

போன முறை ஊருக்குப் போனபோது சென்னையிலிருந்து நேரே பலாலியில் இறங்கினேன். விமானம் பதிந்து வர, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன், புல்லும் பற்றையும் முட்கம்பியும். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, "என்ன தம்பி தேடுறியள்?" என்று கேட்டார்.

"எங்கட காணி, அம்மா."

"எந்தப் பக்கம்?"

"சரியாத் தெரியேல்லை. கிழக்கு ஒழுங்கை, வடக்கு செல்லையாவின்ர காணி எண்டு உறுதியில இருக்கு."

அவர் என்னைத் தாண்டிக் குனிந்து தானும் பார்த்தார். "அந்த ஒழுங்கை இப்ப இல்லை" என்றார்.