கைந்தாவில் பசியோன் பாடும் தெரு

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் நம்மவர்கள் கூடும் இடங்களில், இந்த நாட்டு மக்களைப் பற்றி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "இவங்களுக்குன்னு சொந்தமா என்ன இருக்கு? மதம் ஸ்பெயின்காரன் குடுத்தது, இங்கிலீஷ் அமெரிக்காக்காரன் குடுத்தது." 1565 முதல் 333 ஆண்டுகள் ஸ்பெயின், அப்புறம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அமெரிக்கா, நடுவில் ஜப்பான் படை. இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு புனித வாரத்தை (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) கழித்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

மணிலாவுக்குக் கிழக்கே, ரிசால் மாகாணத்தில் இருக்கிறது கைந்தா. கணவருக்கு ஒர்த்திகாஸ் பக்கம் அலுவலகம். வாடகை கட்டுப்படியாகும் என்றுதான் இங்கே வீடு பார்த்தோம். இந்த ஊருக்கும் நம் பக்கத்துக்கும் பழைய உறவு ஒன்று இருப்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. 1762இல் ஆங்கிலேயர்கள் மெட்ராஸிலிருந்து கப்பல் படையோடு வந்து மணிலாவைப் பிடித்தார்கள். 1764இல் அவர்கள் கிளம்பியபோது, கூட வந்த மெட்ராஸ் சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல் கைந்தாப் பக்கமே தங்கி, இங்கேயே பெண் கட்டிக் குடும்பமானார்கள். இன்றைக்கும் இந்த ஊரில் சில குடும்பங்கள் தங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கின்றன. என் முகத்தைப் பார்த்ததும் சந்தைக்காரம்மாக்கள் அந்தக் கதையைத் தாங்களாகவே எடுப்பார்கள். வேற்றூர்க்காரி என்ற கூச்சம் எனக்குப் பாதி போனதே அதனால்தான்.

புனித வாரம் வந்தால் தெருமுனையில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டுவிடுவார்கள். சிலுவை, பூ, நீள மேசை, மேசை மேல் மைக். இயேசுவின் பாடுகளை டகாலோக் மொழியில் பாடும் 'பசியோன்' புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் பாடி முடிக்க வேண்டும். ஐந்து ஐந்து வரிகளாகப் பாட்டு, வரிக்கு எட்டு அசை. இரண்டு அணியாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடுவார்கள். பக்கத்து வீட்டு ஆத்தே (இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே பாடுவார். அவர் தொண்டை கட்டினால் பக்கத்தில் இருப்பவர் மைக்கை வாங்கிக்கொள்வார். பாட்டு அறுபடக் கூடாது. பந்தல் போட்ட வீட்டார் விடிய விடிய இஞ்சித் தேநீரும் கோழி போட்ட அரிசிக் கஞ்சியும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் நாட்களில் எங்கள் ஊர் இப்படித்தான் இருக்கும்.

இதை ஸ்பெயின்காரன் கொடுத்தது என்று சொல்லிவிடலாம்தான். பாதிரிமார்கள் இந்தக் கதையைச் சொன்னது ஜனங்கள் பொறுமையாக அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்காக. ஜனங்கள் கேட்டுக்கொண்டதோ வேறு. தச்சன் வீட்டுப் பிள்ளை, படிக்காத ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு, அதிகாரத்தில் இருந்தவர்கள் முன்னால் போய் நிற்கிறான் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போலினாரியோ டெ லா குரூஸ் என்ற இளைஞருக்குத் துறவியாக ஆசை. இந்த மண்ணில் பிறந்தவன் என்பதால் சபையில் சேர்க்கவில்லை. அவர் தன் ஜனங்களுக்கென்று ஒரு சபையையே தொடங்கினார். 1841இல் அரசாங்கம் படையை அனுப்பி அதை அழித்து, அவரையும் கொன்றது. பின்னால் வந்த விடுதலைப் போராட்டத்தில் எளிய மக்கள் பேசிய மொழி பசியோனிலிருந்து வந்தது என்று வரலாற்று ஆய்வாளர் ரெய்னால்டோ இலேட்டோ 1979இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பந்தலில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் அவர் சொல்வது நன்றாகவே விளங்கும்.

என் மகள் சின்ன வகுப்பிலேயே இங்கே சேர்ந்ததால் டகாலோக் சரளமாகப் பேசுவாள். அவள் வகுப்புப் பட்டியல் முழுக்க சாந்தோஸ், ரேயெஸ், கார்சியா. 1849இல் கவர்னர் கிளவெரியா, வரி வசூலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பெயர்ப் பட்டியலை ஊர் ஊராக அனுப்பிக் குடும்பப் பெயர்களைக் கொடுக்கச் செய்ததன் மிச்சம் இது. இந்தப் பெயர்களைச் சுமந்துகொண்டுதான் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில், ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து எழுதிய ஹோசே ரிசாலின் 'நோலி மே டாங்கெரே' நாவலைப் படிக்கிறார்கள்.

இந்த ஆண்டு வகுப்பு நாடகத்தில் மகளுக்குச் சீசா வேடம். சீசா ஏழைத் தாய். கோயிலில் மணியடிக்கும் இரண்டு மகன்கள் மீதும் திருட்டுப் பழி விழுகிறது. சின்னவன் காணாமல் போகிறான், அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. மகள் கூடத்தில் அங்குமிங்கும் ஓடி "கிறிஸ்பின்! பசிலியோ!" என்று அலறிப் பழகிக்கொண்டிருந்தாள். பலகாரத் தட்டோடு உள்ளே வந்த ஆத்தே தட்டை அப்படியே மேசையில் வைத்தார். "கத்தாதே. பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த சோற்றில் முக்கால்வாசியைப் புருஷன் வந்து தின்றுவிட்டுப் போய்விட்டான். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்தபடி கூப்பிடுகிறாள்" என்றார். அப்புறம் தானே ஒருமுறை மெல்லக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளி முடித்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆனவர், புத்தகத்தைத் தொடாமல் அந்த அத்தியாயம் முழுவதையும் சொன்னார்.

ரிசால் அந்த நாவலை ஸ்பானிய மொழியில் எழுதினார். நண்பர் மாக்சிமோ வியோலா கொடுத்த 300 பெசோவில் 2,000 பிரதிகள் 1887இல் பெர்லினில் அச்சாகின. சொந்த நாட்டில் தடை. 1896 டிசம்பர் 30ஆம் தேதி, 35 வயதில், அவரை மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். நாவலில் தாசியோ என்ற பெரியவர் தன் காலத்துக்காக அல்லாமல் வரப்போகும் தலைமுறைக்காக, யாரும் எளிதில் படிக்க முடியாத குறியீடுகளில் டகாலோக்கில் எழுதிக்கொண்டிருப்பார். அந்தத் தலைமுறை தானாக வந்து புத்தகத்தை எடுத்துவிடவில்லை. ரிசாலின் நாவல்களைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயம் படிக்க வேண்டும் என்று செனட்டர் கிளாரோ ரெக்டோ சட்டம் கொண்டுவந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. 1956இல் சட்டம் நிறைவேறியது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான்.

ஆத்தேயின் கணவர் ஜீப்னி (ஜீப் மாதிரி இருக்கும் சின்ன பஸ்) ஓட்டுபவர். அவருக்கு ரிசாலைவிட ஆந்த்ரேஸ் பொனிஃபாசியோதான் பெரியவர். தொண்டோவில் பிறந்து, கிடங்கில் வேலை பார்த்து, 1892இல் ஸ்பெயினுக்கு எதிரான கத்திபுனான் என்ற ரகசிய இயக்கத்தைத் தொடங்கி, 1897இல் சொந்தப் புரட்சிக்காரர்களாலேயே கொல்லப்பட்டவர். ரிசாலை முதன்மை வீரராக முன்னே நிறுத்தியது அமெரிக்கர்கள், துப்பாக்கி எடுக்காதவர் என்பதால் அவர்களுக்கு வசதி என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொனிஃபாசியோவே ரிசாலைப் படித்து வளர்ந்தவர் என்பதால் இருவரையும் எதிரெதிரே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கா வந்த கதையைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்துவிடும். 1898 ஜூன் 12 அன்று காவித்தில் விடுதலை அறிவித்தாயிற்று. அதே டிசம்பரில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. மறுபடி போர். 1901இல் தாமஸ் என்ற கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள், பள்ளிகளில் ஆங்கிலம் வேரூன்றியது. 1946 ஜூலை 4 அன்று, தங்கள் சுதந்திர தினத்திலேயே அமெரிக்கர்கள் விடுதலை கொடுத்தார்கள். 1962இல் அதிபர் மகபகால் அந்த நாளை மாற்றி ஜூன் 12ஐயே சுதந்திர தினமாக்கினார். யாரோ கொடுத்த தேதி வேண்டாம், நாங்கள் அறிவித்த தேதி போதும் என்று ஒரு நாடு சொன்னதை, 'சொந்தமா என்ன இருக்கு' என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் விடாமல் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு மகளுக்கு 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ'. 1872இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்களுக்கு ரிசால் சமர்ப்பித்த நாவல் அது. சீசாவின் மூத்த மகன் பசிலியோ அதில் மருத்துவ மாணவனாக வருகிறான் என்று ஆத்தே சொல்லிவிட்டார். மகள் இப்போதே புத்தகம் வேண்டும் என்கிறாள். ஆத்தே வீட்டுப் பரணில் அவர் படித்த பழைய பிரதி இருக்கிறதாம்.