ஒன்றரை டிகிரி

மூன்று நாளாகக் காய்ச்சல். பதினெட்டு வருடம் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் இருந்து பழகியவனுக்கு, சாயங்காலம் ஆறு மணிக்குப் படுக்கையில் கிடப்பது உடம்பு வலியைவிடப் பெரிய அவஸ்தை. ஏஜென்சி செய்திகள் குவிகிற நேரம் அது. கை தானாகவே போனை எடுத்துவிடுகிறது.

நேற்று தெர்மாமீட்டர் 101.3 காட்டியது. ஃபாரன்ஹீட்டைக் கண்டால் செல்சியஸுக்கு மாற்றிப் பார்ப்பது வேலைப் பழக்கம். கணக்குப் போட்டேன், 38.5. வழக்கமான 37ஐவிட ஒன்றரை டிகிரிதான் கூடுதல். ஆனால் போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை டிகிரிக்கே இவ்வளவா?

அதே எண்ணை ஒருமுறை நானே பத்திரிகைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 2024இல் பூமியின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு 2025 ஜனவரியில் அறிவித்தது. பருவநிலை மாற்றம் குறித்த 2015இன் பாரிஸ் ஒப்பந்தம், முடிந்தவரை 1.5க்குள் நிறுத்தப் பாருங்கள் என்கிறது. அது பல ஆண்டுச் சராசரிக்கான எல்லை. ஒரு வருடம் தாண்டியதாலேயே ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் கவனமாக எழுதிவிட்டு, அப்புறம் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தியாகச் சின்னதாகப் போட்டேன். ஒன்றரை டிகிரி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பூமிக்கும் காய்ச்சல் என்று பலர் எழுதுகிறார்கள். படுத்தபடி யோசித்ததில் அந்த உவமை எனக்குச் சரியாகப் படவில்லை. காய்ச்சல் என்பது உடம்பே எடுக்கிற முடிவு. கிருமி நுழைந்ததும் மூளையின் ஹைபோதாலமஸ் உடல் வெப்பத்தின் அளவை மேலே ஏற்றி வைக்கிறது. அந்த உயரத்தை எட்டும்வரை உடம்பு தன்னைக் குளிரில் கிடப்பதாகவே நினைத்து நடுங்குகிறது. பாராசிட்டமால் ஏற்றி வைத்த அளவைக் கீழே இறக்குகிறது, அப்போது வியர்த்துக் கொட்டுகிறது. எல்லாம் ஒரு ஒழுங்கில் நடக்கிறது.

வெயிலில் வேலை செய்கிறவர் சுருண்டு விழுவது அப்படியல்ல. அங்கே மூளை எந்த அளவையும் ஏற்றவில்லை. வெளியே இருந்து ஏறும் சூட்டோடு வேலை செய்யும் தசைகளின் சூடும் சேர்ந்து, வியர்வையால் தணிக்க முடியாமல் உடல் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பேச்சு குழறும், நினைவு தப்பும். பாராசிட்டமால் அங்கே உதவாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

இந்த முதலுதவியை மூன்றே வரியில் ஒரு நிருபர் எழுதி அனுப்பியிருந்தார், சில வருடங்களுக்கு முன்பு. கட்டட வேலையில் இருந்த ஒருவர் வெயிலில் இறந்த செய்தியின் கடைசியில் இருந்தது. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. கீழிருந்து வெட்டுவதுதானே டெஸ்க்கின் வழக்கம், வெட்டிவிட்டேன். இறந்தவரின் வயதும் ஊரும் அச்சில் வந்தன. அடுத்தவர் பிழைக்க வழி சொன்ன வரிகள் வரவில்லை. அன்று அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. நேற்று நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தபோது, துணியை மாற்றிப் போட எனக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருந்தபோது, அந்த மூன்று வரிகள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

இன்று ஏஜென்சியில் மறுபடி வெப்ப அலைச் செய்தி. இரவுப் பணியில் இருக்கும் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன்: "முதலுதவி வரிகளை மேலே ஏத்திடுங்க. இடம் பத்தலைன்னா படத்தைச் சின்னதாக்குங்க."

"சரிண்ணே, மூணாவது பாராவுக்குக் கொண்டுபோயிட்டேன். நீங்க தூங்குங்க" என்று பதில் வந்தது.