மஞ்சி மில்லில் பழகிய பனிச்சரிவு

மார்ச் இரண்டாவது வாரம் பனியில் சறுக்கக் கனடாவுக்குக் கிளம்புகிறேன். கோயம்புத்தூரிலிருந்து டெல்லி, அங்கிருந்து வான்கூவர், அப்புறம் கால்கரி. கால்கரியில் என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் அண்ணன், 12 வருஷமாக இருக்கிறார். அவர் காரிலேயே மலைத்தொடரைத் தாண்டி ரெவல்ஸ்டோக் என்ற ஊருக்குப் போய், கடைசி கால் மணி நேரம் ஹெலிகாப்டரில் போகவேண்டும், ஏனென்றால் நாங்கள் தங்கப்போகும் லாட்ஜுக்குக் குளிர்காலத்தில் சாலையே கிடையாது. லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரூம் ஞாபகம் வரவேண்டாம். மலைக்காட்டுக்குள் மர வீடு, சமையல்காரர், வழிகாட்டிகள், பைலட் எல்லோரும் அங்கேயே தங்குவார்கள். தினமும் காலையில் ஹெலிகாப்டர் உச்சியில் இறக்கிவிடும், வழிகாட்டியின் பின்னால் யாரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்கவேண்டும், கீழே மறுபடி ஹெலிகாப்டர் வந்து நிற்கும். ஹெலி ஸ்கீயிங் என்பது இதுதான். ஹான்ஸ் க்மோசர் என்ற ஆஸ்திரியாவில் பிறந்த மலையேறி 1965ல் கனடாவின் பகபூ மலைகளில் ஆட்களைக் கூட்டிப்போக ஆரம்பித்ததுதான் இந்தத் தொழிலின் தொடக்கம்.

நான்கு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இது. திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருப்பவன் இதற்கெல்லாம் ஆசைப்படலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆசைப்படலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் காஷ்மீரின் குல்மார்க்கில் 14 நாள் பனிச்சறுக்குப் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் எங்காவது ஒரு வாரம் பனியில் இல்லாவிட்டால் எனக்கு அந்த வருஷமே முழுசாகாது.

அந்த முதல் குல்மார்க் பயணத்தில் ஒரு விஷயம் நடந்தது. பனியனிலேயே பிறந்து வளர்ந்தவன், உள்ளே நல்ல கோம்ப்டு காட்டனில் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு போனேன். காலையில் விழுந்து எழுந்து நன்றாக வியர்த்துவிட்டது. மத்தியானம் அபர்வத் மலைக்குப் போகும் ரோப்காரில் ஏறி, கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரத்தில் இறங்கி, காற்றில் பத்து நிமிஷம் நின்றிருப்பேன். பல் கிட்டிவிட்டது. ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பயிற்சியாளர் என் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, ஈரமாக ஒட்டிக்கிடந்த பனியனைப் பிடித்து, "இதுதான்" என்று மட்டும் சொல்லிக் கீழே அழைத்துப்போனார்.

துணி என் தொழில். அதனால் ஊருக்கு வந்ததும் இதை விடாமல் யோசித்தேன். சாதாரண நிலையிலேயே பஞ்சு தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான் வைத்துக்கொள்ளும், இது நூல் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கம்பளியோ 16 சதவீதத்துக்கும் மேல். அப்படியிருந்தும் கம்பளி ஏன் சுடுகிறது, பஞ்சு ஏன் குளிர்கிறது? கம்பளி நார் ஈரத்தை ஆவியாகவே உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும், அதன் மேல்தோலில் தண்ணீர் சுலபமாக ஒட்டாது, சுருள் சுருளாக இருப்பதால் இடையில் காற்று நிற்கும். பஞ்சு நனைந்தால் துவண்டு தோலோடு படிந்துவிடும், காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர், அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சை வரமாக்குவது எதுவோ, அதுவேதான் பனியில் ஆளைச் சாய்க்கிறது.

இந்தத் தடவை உள்ளாடையை நானே தயாரித்துக்கொண்டேன். லூதியானாவிலிருந்து மெரினோ கம்பளி நூல் கொஞ்சம் வரவழைத்து, நம்ம யூனிட்டிலேயே 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெஷினில் ஓட்டினேன், துணி 190 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 190 கிராம் வந்தது. தையல் எல்லாம் ஃப்ளாட்லாக், அதாவது மேடில்லாத தட்டைத் தையல், ஏனென்றால் பூட்ஸுக்குள்ளும் பை வாருக்கு அடியிலும் தையல் மேடு இருந்தால் நாள் முழுக்க அறுக்கும். தோள்பட்டைத் தையலை இரண்டு இன்ச் முன்னால் தள்ளச் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் இருபது வருஷமாகத் தோளில்தான் தையல் போட்டுப் பழகியவர், காரணம் சொன்னதும் பேட்டர்னைத் தானே திருத்தி வெட்டிக்கொடுத்தார். துவைத்துச் சுருக்கம் பார்த்தபிறகு இரண்டு செட் தைத்தாயிற்று. மச்சானுக்கும் ஒரு செட்.

அடுத்தது கால். பனியில் இறங்கும்போது தொடைத் தசை மடங்கின நிலையிலேயே எடையைத் தாங்கவேண்டும், ஜிம்மில் சைக்கிள் ஓட்டி இது வராது. ஐப்பசியிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னிமலைப் படி. 1,320 படி, ஏறுவதற்கு அவசரப்படாமல், இறங்குவதைத்தான் பயிற்சியாக வைத்துக்கொண்டேன், ஒவ்வொரு படியிலும் முழங்காலை மெதுவாக மடக்கி, தடக்கென்று காலைப் போடாமல். பிப்ரவரியில் வெள்ளியங்கிரிக்கு வனத்துறை அனுமதித்ததும் இரண்டு தடவை போய்வந்தேன். வெள்ளியங்கிரி ஏறினவர்களுக்குத் தெரியும், ஏழாவது மலையில் ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கால் ஆட ஆரம்பிக்கும், மூங்கில் தடி இல்லாவிட்டால் ஆறாவது மலையிலேயே உட்கார்ந்துவிடுவோம். முதல் தடவை இறங்கி வந்து இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. இரண்டாவது தடவை மறுநாளே யூனிட்டுக்குப் போனேன். எனக்கு அது போதும்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஜனவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, அத்தாம்பெரிய பனிக்குள்ள பொதைஞ்சு போனா எப்புடிக் கண்டுபுடிப்பாங்க?"

அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதெல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொள்வார் என்றேன். சொன்ன கையோடு எனக்கே அது பதிலில்லை என்று பட்டது. அன்று ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது: "மாப்ள, என்னை நீங்கதான் தோண்டி எடுக்கணும், உங்களை நான்தான் எடுக்கணும். அத நல்லா வெச்சுக்குங்க."

நாங்கள் காரில் தாண்டிப்போகிற ரோஜர்ஸ் கணவாயில் 1910 மார்ச் 4ஆம் தேதி ராத்திரி, ரயில் பாதையில் விழுந்த ஒரு பனிச்சரிவை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேர் இறந்துபோனார்கள். இன்றைக்கும் அந்தச் சாலையைக் காப்பாற்ற கனடா ராணுவம் பீரங்கி வைத்து மேலே தேங்கின பனியைச் சுட்டு இறக்குகிறது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வான இடத்தில்தான் புறப்படுகின்றன. சறுக்குவதற்கு ஆசையாக இருக்கிற சாய்வும் அதுவேதான். ஒரு தெளிவான குளிர் ராத்திரியில் பனியின் மேல் இறகு இறகாகப் பனிப்பூ பூக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த நாள் அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் அந்தப் படலம் வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். கட்டிங் டேபிளில் லே போடும்போது, அதாவது துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போது, நடுவில் ஒரு பாலித்தீன் தாள் மாட்டிக்கொண்டால் மேலே உள்ள அத்தனை அடுக்கும் மொத்தமாக வழுக்குமே, அப்படி. வழிகாட்டிகள் பனியில் குழி வெட்டிப் பார்ப்பது இந்தத் தாள் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு டிரான்ஸீவர் கட்டிக்கொள்ளவேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் மீட்டர் எண்ணையும் பார்த்துப் போகவேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள், அரை மணி நேரத்தைத் தாண்டினால் பிழைப்பவர்கள் குறைவு. வெளியிலிருந்து ஆள் வருவதற்கு அங்கே நேரமில்லை, பக்கத்தில் சறுக்கிக்கொண்டிருந்தவன்தான் மீட்புப்படை. லாட்ஜில் முதல் நாள் காலை இந்தப் பயிற்சி கொடுத்தபிறகுதான் ஹெலிகாப்டரில் ஏற்றுவார்கள். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கருவியைத் தொடுவேன் என்றால் மச்சானுக்கு நான் என்ன துணை?

மச்சான் இரண்டு கருவி, ஒரு மடக்குக் கம்பி, ஒரு அலுமினிய மண்வாரி அனுப்பிவைத்தார். பனிக்கு எங்கே போவது? காங்கேயம் பக்கம் பங்காளி ஒருத்தர் மஞ்சி மில் வைத்திருக்கிறார். தேங்காய் மட்டையில் நார் எடுத்தபிறகு மிஞ்சுகிற தூள் அங்கே மலைபோலக் குவிந்துகிடக்கும், பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு. ஒரு கருவியைப் போட்டு உமி நிரப்பின சாக்கை மில்லில் வேலை செய்யும் தம்பிகள் எனக்குத் தெரியாமல் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடுவார்கள், நான் கண்டுபிடிக்கவேண்டும்.

முதல் நாள் 11 நிமிஷம் ஆனது. அம்பு அங்கும் இங்கும் ஆடியது, பையிலிருந்த செல்போன்தான் காரணம். தேடும்போது போனை அரை மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும் என்று கையேட்டில் படித்திருந்தும் மறந்துபோனேன். இன்னொன்று, அம்பு நேர்கோட்டில் கூட்டிப்போகாது. காந்தப்புலம் வளைந்து வருகிற மாதிரி வளைந்துதான் போகும், அதை நம்பிப் போகவேண்டும், குறுக்கே போனால் எண் ஏறிவிடும். மூன்று மீட்டர் நெருங்கியதும் ஓட்டத்தை நிறுத்தி, கருவியைத் தரையை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி எந்த இடத்தில் எண் குறைவோ அங்கே கம்பியை இறக்கவேண்டும். தட்டுப்படாவிட்டால் அந்த இடத்தைச் சுற்றி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாகக் குத்திக்கொண்டே போகவேண்டும். சாக்கில் கம்பி படும்போது கைக்கு ஒரு மெத்தென்ற உதை தெரியும், மண்ணில் குத்தினால் அது வராது. அந்த வித்தியாசம் விரலுக்குப் பழகிவிட்டது. கம்பியை உருவக்கூடாது, அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று ஆளை நோக்கிப் பக்கவாட்டில் தோண்டவேண்டும். நேர்மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவரின் மூச்சுக்கு இருக்கிற கொஞ்ச இடத்தையும் நாமே மிதித்து அடைத்துவிடுவோம். தேடுவதைவிடத் தோண்டுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது. சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்பதால் கடைசி வாரங்களில் தூளின்மேல் தண்ணீர் அடித்து நன்றாக மிதித்துவிடச் சொன்னேன். அப்படியும் ஐந்தரை நிமிஷத்துக்கு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மில்லுக்குக் கூட்டிப்போனேன். நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாவது தடவை சாக்கைப் புதைத்ததும், "குடு பாக்கலாம்" என்று கையை நீட்டினார். எண் குறையவேண்டும் என்று மட்டும் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு நார்த்தூளில் இறங்கி, 28, 19, 12 என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். எண் ஏறினதும் நின்று, ஒரு அடி திரும்பி, மறுபடி நடந்தார். பீப் சத்தம் நெருக்கமானபோது அவராகவே மண்டி போட்டுவிட்டார். 1.1. "இங்கதான் கண்ணு" என்றார். கம்பியை இறக்கினேன், இரண்டாவது குத்திலேயே பட்டது. நான் மண்வாரியை எடுத்து வருவதற்குள் அம்மா இரண்டு கையாலும் தூளை வாரித் தள்ள ஆரம்பித்திருந்தார்.

மீதி விஷயங்கள் வேகமாக. பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள் எது எதற்குப் பணம் தரமாட்டார்கள் என்கிற பகுதியை முதலில் படியுங்கள், சாதாரண பாலிசியில் இந்த விளையாட்டு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், தனியாகச் சேர்க்கவேண்டும். அகலமான ஸ்கீ லாட்ஜிலேயே தருவார்கள், பூட்ஸ் மட்டும் சொந்தமாக வேண்டும், அதைக் கைப்பையில் எடுத்துப்போவேன், தொலைந்தால் ஒரு வாரமும் போய்விடும். செருப்பிலேயே அகலமாக வளர்ந்த பாதம் என்னுடையது, அதனால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பூட்ஸைப் போட்டு வீட்டில் நடக்கிறேன், உள்மெத்தை கால் வடிவத்துக்கு இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர் இறங்கும்போது கூட்டமாக மண்டியிட்டுக் குனிந்திருக்கவேண்டும், பைலட் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாகத்தான் போகவேண்டும், வால் பக்கம் போகவே கூடாது, ஸ்கீயைத் தோளில் சாய்க்காமல் இடுப்பளவில் படுக்கையாகப் பிடிக்கவேண்டும். மேகம் மூடினால் பறக்கமாட்டார்கள், ஒரு நாளோ இரண்டு நாளோ லாட்ஜிலேயே கிடக்கவேண்டி வரலாம், அதற்கு நான் தயார்தான்.

எனக்கு இன்னும் பயம் இருப்பது மரத்தடிக் குழிகளில். ஊசியிலை மரங்களின் கீழ்க்கிளை பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனிக்குழி இருக்கும், தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வருவது ரொம்பச் சிரமம். காட்டுக்குள் சறுக்கும்போது இரண்டு பேராகவே போகவேண்டும், சறுக்குக் கோலின் கைவாரைக் கழற்றிவிடவேண்டும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைத் தாண்டக்கூடாது. மச்சானும் நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். பத்து திருப்பத்துக்கு ஒருமுறை நின்று குரல் கொடுப்பது, பதில் வராவிட்டால் ஒரு நொடிகூட யோசிக்காமல் மேலே ஏறுவது. இறங்கினவன் மறுபடி பனியில் மேலே ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சென்னிமலைப் படி.

பெட்டி கட்டியாயிற்று. அம்மா எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் போட்டிருக்கிறார், கனடா கஸ்டம்ஸில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோகவேண்டும். நேற்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனவர் வாசற்படியில் நின்று கேட்டார்.

"அந்தப் பொட்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கி வெச்சிட்டியா சாமி?"

"வாங்கியாச்சும்மா. மூணு செட்."

"உன்ர மச்சானுக்கும் ஒரு செட் சேத்தி வாங்கிக்க."