காசிமேடு கல்லறைத் தோட்டத்திலிருந்து கடல் வரை

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறதென்று வட சென்னையில் முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிடும். காசிமேடு கல்லறைத் தோட்டத்து வாசலில் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியுமாகக் கடை போட்டிருப்பார்கள், உள்ளே குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்கிக்கொண்டும் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருப்பார்கள், நடுவில் ஐப்பசி மழை ஒரு பாட்டம் பெய்துவிட்டால் அடித்ததெல்லாம் வழிந்து மறுபடியும் முதலிலிருந்து. எங்கள் சபையார் தண்டையார்பேட்டையிலிருந்து காலையில் நடந்தே வருகிறோம். எங்களுக்கு இது ஒரு யாத்திரைதான்.

எங்களைப் போன்ற சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்காரர்களுக்குக் கல்லறையில் என்ன வேலை, செத்தவர்களிடம் ஜெபிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செத்தவர்களிடம் நாங்கள் ஜெபிப்பதில்லை. லாசரு இறந்த வீட்டாரிடம் இயேசு, "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்டார், "ஆண்டவரே, வந்து பாரும்" என்றார்கள், அடுத்த வசனத்திலேயே அவர் கண்ணீர் விட்டார் என்று யோவான் 11-ல் வாசிக்கிறோம். அவரே இடம் கேட்டு, அழுதுகொண்டு கல்லறைக்குப் போயிருக்கும்போது, போதகர் சாவு வீட்டுக் கூடத்தில் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு காபி குடித்துக் கிளம்பினால் போதுமா?

சாவு வீட்டில் நாம் பேசுகிற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதைத்தான் வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறோம். அது பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது, அவனைப் பார்க்க வந்தவர்கள் அவனுக்குச் சொன்னது இல்லை. அவர்கள் ஏழு நாள் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். பெற்ற பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த தாய்க்கு அந்த வசனத்தை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஒரு நாள் அவளாகச் சொன்னால் சேர்ந்து ஆமென் சொல்லலாம்.

எங்கள் சபையில் அன்புக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் ஜெபம் வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மாற்றி மாற்றிச் சமைத்துக் கொண்டுவருவார்கள், முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போட்ட நாற்காலி போதாது. அப்புறம்தான் ஆள் வரத்து குறையும். ரேஷன் கார்டில் பெயர் எடுப்பது, பேங்குக்கு அலைவது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது, துக்கமும் அப்போதுதான் ஆளை அமுக்குகிறது. அந்த நேரத்தில் வாய்விட்டு அழுதால் "இன்னுமா" என்று கேட்கிற ஊரில், வருஷத்தில் ஒரு நாளாவது யாரும் கேட்காமல் அழ முடிகிறதே என்பதால்தான் இந்த நவம்பர் 2-ஐ நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எல்லாருக்கும் கல்லறை இருப்பதில்லை. எங்கள் சபையில் ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் போனவர், படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவரைப் பற்றி 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் சட்டம் வழக்கமாக அவரை இறந்தவர் என்று எடுத்துக்கொள்ளும், அதுவரைக்கும் சான்றிதழுக்கும் அலைச்சல், மனசுக்கும் ஒரு முடிவில்லை. கல்லறைத் திருநாளில் எங்களோடு நடந்து வருவார், வாசலோடு நின்றுவிடுவார். "எல்லாரும் பூ வாங்கினு உள்ள போறாங்க ஐயா, நான் யார்கிட்ட கொண்டு போறது?" என்று ஒரு முறை கேட்டார்.

ஜெபம் முடிந்ததும் அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போகவில்லை. அந்த அக்காவும் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் நானுமாக, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையைக் கடந்து, அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கிற பாறாங்கற்கள் பக்கம் போனோம். எங்கே வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்க முடியாது, ஆனாலும் அவராகவே கையை நீட்டி, மீன்பிடித் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், இந்தத் திக்கில்தான் போனார் என்று காட்டினார். பூவைப் போட்டோம், அவர் கணவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

அப்புறம் ராயப்பர் கோவிலுக்குப் போகலாமா ஐயா என்றார். ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்த கத்தோலிக்கக் கோவில், படகு மக்கள் கட்டியது. அவர் கணவர் எங்கள் சபைதான் என்றாலும் தொழிலுக்குப் போகும்போது அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவாராம். ராயப்பர் என்றால் பேதுருதான், அவரும் மீன்பிடிக்கிறவர்தானே, தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் இயேசுவைப் பார்த்து "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டவர்தானே. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டார்: "அவரை மட்டும் கையப் பிடிச்சுத் தூக்கினாரே, இவரு கூப்பிட்டிருக்க மாட்டாரா ஐயா?"

கூப்பிட்டிருப்பார் அக்கா, ஆண்டவர் காதில் விழுந்திருக்கும் என்று நம்புகிறேன், ஏன் கரைக்கு வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் யாரும் எழுந்து போகவில்லை, மத்தியானம் வரை அங்கேயே இருந்தோம்.

இந்த வருஷம் நினைவு ஆராதனையில் கல்லறை இல்லாதவர்களின் பெயர்களையும் வாசிப்பதென்று சபைக் கமிட்டியில் பேசி முடித்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்ததும் எல்லாருமே கடலுக்குப் போகிறோம். எந்தச் சபையானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், கடலில் ஆளைத் தொலைத்தவர்கள் எங்களோடு வரலாம். அங்கே காற்றுக்கு மெழுகுவர்த்தி நிற்காது, பூ மட்டும் எடுத்து வாருங்கள்.