பிரகடனம் இல்லாத போர், சட்டத்தில் எப்போது தொடங்குகிறது?

"இரு நாடுகளும் போர்ப் பிரகடனம் செய்யவில்லையே, பிறகெப்படி இது போர்?" என்ற கேள்வி எல்லையில் குண்டு விழும்போதெல்லாம் எழுகிறது. எந்தச் சட்டத்திடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

1907-இன் மூன்றாம் ஹேக் உடன்படிக்கை, முன்னறிவிப்பு இல்லாமல் சண்டையைத் தொடங்கக் கூடாது என்றது. காரணத்தோடு கூடிய பிரகடனம் வேண்டும், அல்லது கெடு விதிக்கும் இறுதி எச்சரிக்கை வேண்டும். இதில் பெரிய ஓட்டை இருந்தது. பிரகடனம் செய்யாமலே தாக்கிவிட்டு, "இது போரே அல்ல" என்று சொல்லிப் போர்விதிகளிலிருந்து நழுவ நாடுகள் முயன்றன. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 2-ஆம் பிரிவு அதை அடைத்தது. இரு நாடுகளுக்கு இடையே ஆயுத மோதல் நடந்தாலே போதும்; ஒரு தரப்பு போர்நிலையை ஏற்க மறுத்தாலும் விதிகள் பொருந்தும்.

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்ட விமானி அபிநந்தனை நினைத்துப் பாருங்கள். யாரும் போரை அறிவிக்கவில்லை. ஆனாலும் போர்க்கைதிகளைப் பற்றிய மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை அவருக்குப் பொருந்தியது. 17-ஆம் பிரிவுப்படி பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு உள்ளாக்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. காயத்தோடு இருந்தவரின் காணொளி பரவியபோது இந்தியா கண்டித்ததற்கு அடிப்படை இதுதான்.

உள்நாட்டுச் சட்டத்தின் கணக்கு வேறு. 1965 போரையும் இந்தியா முறைப்படி பிரகடனம் செய்யவில்லை. ஆனால் பாகிஸ்தான் குடிமக்கள் இங்கே வைத்திருந்த சொத்துகள், அந்த ஆண்டு செப்டம்பர் 10 அறிவிக்கையால் அரசு அதிகாரியான எதிரிச் சொத்துப் பாதுகாவலர் வசம் போயின. செப்டம்பர் 23-இல் சண்டை நின்றது. அடுத்த ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்பாடு, சொத்துகளைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம் என்றது. சொத்துகள் திரும்பவில்லை, அவற்றைப் பாதுகாவலரிடமே தொடர்ந்து வைத்திருக்க 1968-இல் எதிரிச் சொத்துச் சட்டமே வந்துவிட்டது.

இப்படிச் சொத்துகள் பாதுகாவலர் வசம் போனவர்களில் ஒருவரான உத்தரப் பிரதேசத்தின் மஹ்மூதாபாத் ராஜா 1957-இல் பாகிஸ்தான் குடியுரிமை பெற்றவர். மகனோ இந்தியக் குடிமகன். அந்த மகன் எதிரி அல்ல என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிரிச் சொத்துச் சட்டத்தின் 2017 திருத்தம் அதைத் தலைகீழாக்கியது: வாரிசு இந்தியரே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் 'எதிரி'தான், அதுவும் 1968 முதலே. சொந்த நாட்டுக் குடிமகனைத் தந்தையின் குடியுரிமைக்காக இப்படி அழைப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய சொத்தை எதிரி எப்போது விற்றிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. ஆகவே வட இந்திய நகரங்களில் பழைய கட்டடம் வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல் பாதுகாவலர் பட்டியலையும் பார்க்க வேண்டும். சிக்கல் வந்தால் சிவில் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. முதலில் மத்திய அரசிடம் முறையிட வேண்டும். அதன் உத்தரவு கைக்கு வந்த 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.