நான்கு படிகளும் ஒரு கல்லும்

கடந்த ஆவணி மாதம் என் மாமாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு, திருகோணமலையிலிருந்து வேறொரு மாவட்டத்திலுள்ள வரலாற்று நூதனசாலை ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். மாமா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். கண் அழுத்த நோயினால் அறுபது வயதுக்குள் பார்வையை முற்றாக இழந்தவர். தம்பி வீதி விபத்தொன்றில் முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் நடமாடுகிறான். இருவருக்கும் வரலாற்றில் அப்படியொரு பைத்தியம். பழைய கப்பல்கள், நாணயங்கள், கோட்டைகள் என்று எங்கள் வீட்டு முற்றத்தில் இரவு பத்து மணி வரை பேச்சு நீளும்.

நூதனசாலையின் வாசலில் நான்கு கற்படிகள் இருந்தன. சாய்வுப் பாதை இல்லை. காவலர்கள் மிகவும் அன்பானவர்கள்; நாங்கள் இறங்கியதைக் கண்டதுமே இருவர் ஓடி வந்தார்கள், வீதியில் நின்ற ஓட்டோக்காரர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள், நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தம்பி அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க மாமாவோட போய்ப் பாத்திட்டு வாங்கோ அக்கா, நான் இந்த நிழலில இருக்கிறன்" என்றான். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, நான்கு பேர் மனமுவந்து கை கொடுக்கும்போது எதற்காக மறுக்கிறான் என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் அவனே காரணத்தைச் சொன்னான். வாசலைத் தாண்டினால் அறைக்கு அறை ஒரு வாசற்படி இருக்கும். ஒவ்வொன்றிலும் யாரையாவது கூப்பிட வேண்டும். மேல்மாடிக்கு மறுபடியும் தூக்க வேண்டும். மலசலகூடத்துக்குப் போக வேண்டியிருந்தால் அதையும் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். "தூக்கிறதுக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கேக்க ஒரு நாணயத்தை எவ்வளவு நேரம் பாக்கேலும் அக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பின்னர் வாகனத்தில் நான் வாய் திறக்கவில்லை.

நூதனசாலையில் ஒருவர் தமக்குப் பிடித்த பொருளின் முன்னால் பத்து நிமிடங்கள் நிற்பதும், பிடிக்காததைக் கடந்து போவதும், திரும்பி வந்து மறுபடி பார்ப்பதும் பார்வையிடலின் உயிர். தூக்கிச் செல்லப்படும் மனிதருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் தூக்குபவர்களின் நேரத்தில் பார்க்கிறார். எங்கள் மக்களிடம் உதவும் மனம் தாராளமாக இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல நான் ஒருபோதும் துணிய மாட்டேன். ஆனாலும், கேட்டவுடன் நான்கு பேர் ஓடி வருவதனாலேயே, சாய்வுப் பாதை ஒன்று தேவை என்ற எண்ணம் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எழாமல் போகிறது என்று இப்போது நம்புகிறேன். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காகப் படியை ஒட்டிச் சீமெந்துச் சரிவு போடாத வீட்டைக் காண்பது அரிது. வண்டிக்குத் தோன்றிய யோசனை மனிதருக்குத் தோன்றாததை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது.

அந்தச் சீமெந்துச் சரிவைப் போன்ற ஒன்றை வாசலில் ஒட்டிவிட்டாலும் போதாது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆறங்குலப் படிகள் நான்கென்றால் உயரம் இரண்டு அடி. அதற்கு இருபத்துநான்கு அடி நீளமான பாதை வேண்டும், மேலும் கீழும் நாற்காலி திரும்புவதற்குச் சமதளமும் வேண்டும். அதைவிடக் குறுகிய சரிவில் தம்பியால் தானாக ஏற முடியாது. பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும், இறங்கும்போது நாற்காலி முன்னுக்குக் கவிழவும் கூடும்.

மாமாவுக்கு நேர்ந்தது வேறு வகையானது. அவர் உள்ளே வந்தார், எல்லா அறைகளுக்கும் போனார், என் தோளில் கை வைத்தபடி இரண்டு மணி நேரம் நடந்தார். ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு காட்சிப் பேழையின் முன்னாலும் விளக்கப் பலகையை நான் வாசித்தேன். "சீனப் பீங்கான் கிண்ணம், 15ஆம் நூற்றாண்டு" என்று வாசித்தால், அது எவ்வளவு பெரியது, கையில் அடங்குமா, மெல்லியதா தடித்ததா, பூ வரைந்திருக்கிறதா என்று கேட்டார். பலகையில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. கண்ணால் அறிய முடியாத ஆண்டையும் இடத்தையும் மாத்திரம் எழுதி, மற்றதைக் கண்ணுக்கு விட்டுவிடுவதுதான் விளக்கப் பலகைகளின் வழக்கம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பார்வையுள்ளவருக்கு அது போதும். மாமாவுக்கு அது பாதி வாக்கியம். பீரங்கிக் குண்டொன்றின் எடையைக் கேட்டபோது அங்கிருந்த பணியாளருக்கும் தெரியவில்லை. பேழையின் மேல் விரல்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மட்டும் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இருக்குது பிள்ளை" என்றார்.

சட்டம் இல்லாத நாடு அல்ல இது. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கெனவே உள்ள கட்டடங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டுகள் அவகாசம் தரப்பட்டு, பின்னர் அந்த அவகாசம் நீடிக்கப்பட்டது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவே எழுப்பப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையிட்டது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடையோரில் 8.7 சதவீதமானோருக்கு ஏதேனும் ஓர் இயலாமை இருந்தது. எண்ணிக்கையில் பதினாறு இலட்சத்துக்கு மேல். போரையும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும் கண்ட எங்கள் கரையில், அப்படி ஒருவரும் இல்லாத தெருவை எனக்குத் தெரியாது.

இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகளின் சமவாயத்தில் 30ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்வைப் பற்றியது. அதன் சொற்களைக் கூர்ந்து வாசித்தபோது ஒன்று புலப்பட்டது. அரங்குகள், நூதனசாலைகள், நூலகங்கள் ஆகியவற்றை நிபந்தனையின்றிச் சொல்லிவிட்டு, நினைவுச் சின்னங்களுக்கும் தேசிய முக்கியத்துவமுள்ள இடங்களுக்கும் மாத்திரம் "இயன்றவரை" என்ற பொருள்படும் சொற்களை அது சேர்க்கிறது. மலையுச்சியிலுள்ள பாழடைந்த கோட்டைக்கு அந்தச் சலுகை நியாயமானது. ஆனால் எங்கள் நாட்டில் நூதனசாலைகள் பல பழைய ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களில் இருக்கின்றன. கட்டடமே நினைவுச் சின்னமாக இருப்பதால், நூதனசாலைக்கு இல்லாத "இயன்றவரை" அதற்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பழைய கட்டடத்தைச் சிதைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அவற்றைக் காப்பது நல்லதுதான். அதற்காகப் படிகளை உடைக்க வேண்டிய தேவை என்ன? சுவரிலோ படியிலோ ஓர் ஆணிகூட அடிக்காமல், தனியாக நிற்கும் மரத்தாலோ இரும்பாலோ ஆன சாய்வுப் பாதையைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு பக்கவாட்டு வாசலில் வைக்கலாம். வேண்டாத நாளில் கழற்றி எடுத்துவிடலாம், கல்லில் தழும்பு இருக்காது. மேல்மாடிக்கு மின்தூக்கி வைக்க இயலாத கட்டடத்தில், அங்குள்ள முக்கியமான பொருட்களைச் சுழற்சி முறையில் கீழே கொண்டுவந்து காட்டலாம். எது எங்கே இருக்கிறது, எத்தனை படிகள், மலசலகூடத்தின் கதவு எவ்வளவு அகலம் என்பவற்றை வாசலிலும் இணையத்திலும் முன்கூட்டியே எழுதி வைப்பதற்குப் பணமே தேவையில்லை. அன்று அந்தத் தகவல் இருந்திருந்தால் தம்பி நான்கு மணி நேரம் வாகனத்தில் இருந்து வந்திருக்க மாட்டான், அல்லது ஆயத்தத்தோடு வந்திருப்பான்.

வெளிச்சத்தைப் பற்றிய சிக்கல் சற்று நுட்பமானது. ஓலைச்சுவடி, துணி, பழைய வரைபடம் போன்றவற்றின் மேல் ஐம்பது லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி விழுந்தால் அவை விரைவாக மங்கிப் போகும் என்பதால், பொருட்களைப் பேணிக் காக்கும் பாதுகாவலர்கள் அந்த அறைகளை இருட்டாக வைக்கிறார்கள். மங்கலான பார்வையுள்ள முதியவருக்கு அந்த இருட்டில் எதுவும் தெரியாது. பொருளின் மேல் ஒளியைக் கூட்ட முடியாதுதான். ஆனால் விளக்கப் பலகையைத் தனியே எடுத்து, பெரிய எழுத்தில், தனி விளக்கோடு வைக்கலாம். பெரிய எழுத்தில் அச்சிட்ட கையேடு ஒன்றை வாசலில் கொடுக்கலாம். காணொளிகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வசன வரிகள் சேர்த்தால் செவிப்புலனற்றவர்களுக்கு மட்டுமன்றி, கூட்டத்தின் இரைச்சலில் கேட்காமல் நிற்கும் எல்லோருக்கும் பயன்படும்.

வீடு திரும்பிய மறுவாரம் மாமாவை எங்கள் திருகோணமலையிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு அழைத்துப்போனேன். கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1620களில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறி, 1803இல் ஆங்கிலேய இளவரசரின் பெயரைப் பெற்றது. அதன் வாசல் நிலைக் கல்லில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னே பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பர் என்ற செய்தியைச் சொல்லும் அந்தக் கல்லில் இரட்டைக் கயலும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்குப் போகும் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வாசலால் நுழைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு ஒதுங்கி நின்றபடி மாமா கல்லைத் தடவினார். முதலில் மீனைக் கண்டுபிடித்தார், பிறகு எழுத்துகளின் வளைவுகளை. "னே... குள..." என்று அவர் விரல்களால் வாசித்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அறுபது ஆண்டுகளாக அந்த வாசலால் போய்வந்தவர், கண்ணிருந்த காலத்தில் அந்தக் கல்லை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை என்றார்.

மகிழ்ச்சியோடு கூடவே எனக்குள் ஓர் உறுத்தலும் இருந்தது. கையின் வியர்வையும் உப்பும் கல்லைத் தேய்க்கும். ஆயிரம் பேர் தொட்டால் அந்த எழுத்து மிஞ்சாது. பாதுகாவலர்கள் கண்ணாடி போடுவதற்கு நியாயம் இருக்கிறது. அதனால்தான் தொடுவதற்கென்றே பிரதிகள் வேண்டும். புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் திறக்கப்பட்ட "அனுபவ்" என்னும் கூடத்தில் இருபத்திரண்டு பிரதிகளை விழிப்புலனற்றவர்கள் கைகளால் பார்க்கிறார்கள்; பிரெய்லி விளக்கமும் ஒலி விளக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்திருப்பது முக்கியம். சிறுவயதிலிருந்தே பார்வையற்றவர்கள் பாடசாலையில் பிரெய்லி கற்றிருப்பார்கள். மாமாவைப் போல முதுமையில் பார்வை இழந்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் புரியாது, குரல்தான் வேண்டும்.

இப்போது எங்கள் தெருவிலுள்ள மேசன் ஒருவர், நான் எடுத்த புகைப்படங்களை வைத்து அந்தக் கல்லின் பிரதியைச் சீமெந்தில் வார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் அயலிலுள்ள பாடசாலை நூலகத்தில் வைக்க அதிபர் இடம் தந்திருக்கிறார். அதற்கான மேசையைத் தம்பி தன் முழங்கால்கள் உள்ளே நுழையும்படி எழுபது சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அளந்து கொடுத்தான். முதல் வார்ப்பைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கையில் கொடுத்தோம். மீன் சரியாக இருக்கிறது, எழுத்துகளுக்கு ஆழம் போதாது, விரல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றார். மேசன் அதை உடைத்துவிட்டு மறுபடி வார்க்கத் தொடங்கியிருக்கிறார்.